பிள்ளையை மட்டும் அனுப்பினால் போதுமா?

"பையன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான், அவனைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க" என்று கவுன்சிலிங்குக்கு அனுப்பும் பெற்றோர் நிறைய. ஒருவரின் பிரச்சினையை மொத்தக் குடும்பத்தின் உறவுகளோடு சேர்த்துப் பார்க்கும் குடும்ப அமைப்புச் சிகிச்சை அங்கேயே மறித்துக் கேட்கிறது: மற்றவர்கள் எங்கே?

1950-களில் அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) நோயாளிகளோடு முதலில் தாயையும் பிறகு முழுக் குடும்பத்தையும் ஆய்வு வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'முக்கோணம்': இருவருக்குள் பதற்றம் கூடும்போது மூன்றாவது ஒருவரை நடுவில் இழுப்பது. கணவன் மனைவிக்குள் மனக்கசப்பு. "சாப்பாடு மேசையில இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்று மகள் வழியாகத்தான் பேச்சே நடக்கும். பெரியவர்களுக்குப் பதற்றம் சற்றுத் தணியும். அந்தப் பிள்ளைக்கோ தூக்கம் போகும், வயிறு வலிக்கும், பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. பாவம், அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

சிகிச்சையாளர் யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை. மூன்று தலைமுறை உறவுகளை ஜீனோகிராமாக, அதாவது குடும்ப உறவு வரைபடமாக வரைந்து, கோபம் வந்தால் யார் விலகிப்போகிறார், யார் நடுவில் மாட்டுகிறார் என்று பார்க்கிறார். "அதை அவரிடமே சொல்லுங்கள்" என்று நேருக்கு நேர் பேசவைக்கிறார்.

அடி உதை நடக்கும் வீடு என்றால் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்கக் கூடாது, அங்கே முதலில் பாதுகாப்பு. மற்றபடி, எல்லோரும் வர மறுத்தாலும் வருகிற ஒருவரோடு தொடங்கலாம்.