சீசன் முடிந்த பக்கத்தில் ஒரு கட்டம்

சித்தப்பாவின் மாந்தோப்புக்கு நான் வெப்சைட் செய்து கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெங்களூரு, ஓசூர் ஆட்கள். சேலம் போகிற வழியில் ரோட்டோரக் கடையில் வண்டியை நிறுத்தி ஒரு பெட்டி வாங்கிப் போய், ருசி பிடித்துப்போய், மறுபடி எங்களைத் தேடி வருகிறவர்கள். ஆனால் தேடுவது பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில், கடைசி ரகமான நீலமும் தீர்ந்து தோப்பு வெறிச்சோடிக் கிடக்கும்போது. இல்லையென்றால் மார்ச்சில், காய் பிஞ்சாகத் தொங்கும்போது. இரண்டு நேரத்திலும் எங்கள் பக்கத்தில் இருந்தது ஒரே வரிதான்: "இந்த ஆண்டு விற்பனை முடிந்தது."

ஆசையோடு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புகிற வரி அது. அந்த வரிக்குக் கீழே ஈமெயில் கேட்கிற ஒரு சின்னக் கட்டம் வைத்ததைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

"வாட்ஸ்அப் இருக்கறப்ப மெயில் எதுக்கும்மா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். வழியில் நின்று ஒரு பெட்டி வாங்கியவர் நம் நம்பரை எதற்குச் சேமிக்கப் போகிறார்? போன வருடம் "செந்தூரா வந்தாச்சு" என்று சித்தப்பா அனுப்பிய செய்தி நிறையப் பேருக்குப் போகவே இல்லை என்பது, அவர்களில் சிலர் ஜூலையில் வந்து "ஏங்க சொல்லவே இல்ல?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

கட்டத்தை வைப்பது பத்து நிமிட வேலை. மெயில் அனுப்பித் தருகிற சேவை ஒன்றில் கணக்கு தொடங்கினால் அவர்களே ஒரு துண்டு எச்டிஎம்எல் (வெப் பக்கம் எழுதுகிற மொழி) தருவார்கள், அதை எடுத்துப் பக்கத்தில் ஒட்ட வேண்டியதுதான். ஆனால் அப்படி வந்த படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர், போன் நம்பர், பிறந்தநாள் என்று ரேஷன் கார்டுக்கு எழுதிப் போடுகிற மாதிரி வரிசையாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நம் ஊரில் அப்பா பெயர்தான் இனிஷியல், அதில் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? போன் நம்பரை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி சித்தப்பா ரொம்ப நேரம் கேட்டார். வாங்கி என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, வேணாம்" என்றார். நாம் பயன்படுத்தாத ஒன்றை அடுத்தவரிடம் கேட்டு வாங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதிக நேரம் எடுத்தது பட்டனில் இருந்த வார்த்தை. "சப்ஸ்கிரைப் செய்க" என்று வந்திருந்தது. அதை "பதிவு செய்க" என்று மாற்றினேன், அதுவும் ஏதோ அரசு அலுவலகப் பலகை மாதிரியே இருந்தது. கடையில் நின்று கேட்பவர் என்ன சொல்வார் என்று யோசித்தபோது வந்ததுதான் இப்போது இருப்பது: "பழம் வந்ததும் சொல்லுங்க." அதற்குக் கீழே இரண்டு வரி. "வருடத்துக்கு நான்கே மெயில். பூ பிடித்ததும் ஒன்று, செந்தூரா பறித்ததும் ஒன்று, அல்போன்சா, பங்கனப்பள்ளி வந்ததும் ஒன்று, நீலம் கடைசி லோடுக்கு ஒன்று. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்." ஒருவர் தன் முகவரியைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். "சுவையான தகவல்கள் உங்கள் இன்பாக்ஸில்" என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. எத்தனை மெயில், எதற்காக, எப்போது என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு ஐந்தாவது மெயில் அனுப்ப நமக்கும் கை வராது.

பாப்அப் வைக்கவில்லை. போனில் பக்கத்தைத் திறந்ததுமே மொத்தத்தையும் மறைத்துக்கொண்டு வந்து நிற்கிற கட்டங்களைக் கூகுளும் 2017-லிருந்து தேடலில் பின்னுக்குத் தள்ளுகிறது. அது இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன்.

அப்புறம் ஜூனில் கடையிலேயே உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். பெட்டியில் க்யூஆர் ஒட்டியிருந்தோம். ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், ஸ்கேன் செய்துவிட்டு முகவரியை அடிக்க ஆரம்பித்தார். ஒரு பழத்தைக் காம்போடு எடுத்து முகர்ந்து பார்த்திருந்ததால் விரலில் பால் ஒட்டியிருந்தது, திரை சரியாகக் கேட்கவில்லை. புடவை நுனியில் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். அட் குறி எங்கே என்று தேடினார், கிடைக்கவில்லை. என்னிடம் நீட்டினார். அப்போதுதான் பார்த்தேன், நான் அந்தக் கட்டத்தை வெறும் டெக்ஸ்ட் வகையாகவே விட்டிருக்கிறேன். அதை ஈமெயில் வகை என்று ஒரே ஒரு சொல் மாற்றினால் போனே அட் குறி உள்ள கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். அன்று ராத்திரியே மாற்றினேன். எழுத்து அளவையும் 16 பிக்சலுக்கு ஏற்றினேன், அதற்குக் குறைந்தால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கமே பெரிதாகி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

அந்த அம்மாவுக்கு நான் அடித்துக் கொடுத்த முகவரிக்கு உறுதி மெயில், அதாவது சேர்ந்தது நீங்கள்தானா என்று கேட்டு ஒரு இணைப்பைத் தொடச் சொல்கிற மெயில், போகவேண்டும். போயிற்று, ஸ்பேமுக்கு. காரணம், அனுப்புநர் முகவரியாக சித்தப்பாவின் ஜிமெயிலைப் போட்டு, வேறொரு சேவை வழியாக அனுப்பியதுதான். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதில் கண்டிப்பாகிவிட்டது, ஜிமெயில் முகவரியைப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்து வருகிற மெயிலைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறது. சொந்த டொமைனில், அதாவது எங்கள் வெப்சைட் பெயரிலேயே, ஒரு முகவரி உண்டாக்கி, அந்த டொமைனின் அமைப்புகள் இருக்கிற டிஎன்எஸ் பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகளைச் சேர்த்தேன். இந்த மெயிலை அனுப்ப இந்தச் சேவைக்கு நான்தான் அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்வது போல அது. கட்டம் வைக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள், நான் பின்னால் செய்ததில் ஒரு வாரம் சேர்ந்தவர்களில் பலர் உறுதி செய்யாமலே போய்விட்டார்கள்.

உறுதி மெயிலே வேண்டாம், ஒரு படி கூடுகிறதே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது அவசியம் வேண்டும். காம் என்பதைக் கான் என்று அடித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அதைவிட, ஒருவர் முகவரியை வேறொருவர் போட்டுவிட முடியாது. ஒரு காலையில் பார்த்தால் வாயில் நுழையாத முகவரிகள் நூற்றுக்கு மேல் வந்து குவிந்திருந்தன, எல்லாம் ரோபோக்கள், அதாவது தானாகவே படிவம் நிரப்புகிற புரோகிராம்கள், நிரப்பியது. ஒன்றுகூட உறுதி செய்யப்படவில்லை, அதனால் பட்டியலுக்குள் வரவில்லை. பிறகு படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுக் கட்டம் சேர்த்தேன். அதை ரோபோ மட்டும்தான் நிரப்பும், நிரப்பினால் தள்ளிவிடலாம். டிராஃபிக் சிக்னல் படத்தைத் தேடித் தொடு என்று அந்த அம்மாவை நிற்க வைக்க எனக்கு மனசு இல்லை.

பழைய ஆர்டர்களில் இருந்த முந்நூறு சொச்சம் முகவரிகளையும் சேர்த்துவிடலாம் என்று சித்தப்பாவுக்கு ஆசை. அவர்கள் கொடுத்தது பழம் வந்து சேர, கடிதம் வாங்க அல்ல. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காக என்று சொல்லிச் சம்மதம் வாங்கு, கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கட்டும் என்கிறது. இந்த சீசன் ஆர்டர் பக்கத்தில் தனியாக ஒரு டிக் பெட்டி வைத்திருக்கிறேன், நான் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கவில்லை. விரும்புகிறவர் தானே போட்டுக்கொள்ளட்டும்.

பொங்கல் கழிந்து முதல் மெயில் போனது. சித்தப்பா தோப்பில் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன்: செந்தூராவில் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது, பெங்களூரா ரகத்தில் கொஞ்சம் குறைவு, காலைப் பனி இப்படியே இருந்தால் பூ கருகும், தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பூங்கொத்தை வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படம் ஒன்று. விலை எதுவும் போடவில்லை. மறுநாள் பதினோரு பேர் பதில் எழுதியிருந்தார்கள். "பனி விட்டுடுச்சாங்க?" என்று மட்டும் கேட்டு ஒருவர். சித்தப்பா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும்னு எழுதும்மா" என்றார்.