மூன்று பதிவேடுகளும் ஓர் உரிமமும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளர்ந்தவன் நான். இந்திய விமானப்படையில் 21 ஆண்டுகளும், அதன்பின் பயணிகள் விமானங்களில் 18 ஆண்டுகளும் பறந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். 2005-இல் சீருடையைக் கழற்றிய பிறகு, பயணிகள் விமானத்தில் உட்காருவதற்கு எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. படையிலிருந்து வெளிவர எண்ணும் விமானிகள் என்னிடம் கேட்பதெல்லாம் அந்தப் பதினான்கு மாதங்களைப் பற்றித்தான் என்பதால், அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஹைதராபாத் அருகே டண்டிகல் விமானப்படை அகாடமியில் பயிற்சி முடித்து 1984-இல் அதிகாரியானேன். சோவியத் நாட்டிலிருந்து ஏஎன்-32 விமானங்கள் நம் படைக்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். இரட்டை இன்ஜின் கொண்ட அந்தச் சரக்கு விமானத்திலேயே என் படைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் லே ஓடுதளத்திலும், வடகிழக்கு மலைகளிலும், 2004 சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரிலும் அதை இறக்கியிருக்கிறேன். சூலூரில் இருந்த நாள்களில், கிளம்பி மேற்கே திரும்பினால் எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகள் தெரியும்.

பயணிகள் விமானத்துக்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் இரவில் பறந்ததாக இருக்க வேண்டும். என்னிடம் அதற்குமேல் பல மடங்கு இருந்ததால், இது ஒரு வாரத்து வேலை என்று நினைத்துவிட்டேன். ஆனால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் அன்று தேவைப்பட்டது தாளில் நிற்கும் கணக்கு. ஒவ்வொரு மாதத்தின் கூட்டுத்தொகைக்குக் கீழும் அந்த மாதத்து மேலதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டியிருந்தது. பகல், இரவு, தலைமை விமானியாகப் பறந்தது, துணை விமானியாகப் பறந்தது எனத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஆடி மாதம் அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திண்ணையில் எதையும் நிற்கவிடாது. படைக்காலத்தில் பறந்த நேரங்களை எழுதிவைத்த மூன்று பதிவேடுகளையும் விரித்து, பக்கங்கள் புரளாமல் இருக்க அம்மா கொண்டுவந்த பித்தளைத் தம்ளர்களை மேலே வைத்து, மனைவி எண்களைப் படிக்கப் படிக்க நான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் மாலை அவர் நிறுத்தினார். “ஏனுங்க, இந்த மாசத்துல கையெழுத்தே இல்லீங்களே?” 1991 மார்ச். 47 மணி நேரம், அதில் இரவு 11. நீல மையில் என் எழுத்து வரிசையாக இருந்தது. அதிகாரியின் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த மாதம் ஸ்குவாட்ரன், அதாவது எங்கள் விமானப் பிரிவு, இடம் மாறிக்கொண்டிருந்ததால், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டது நான்தான்.

அந்த ஒரு கட்டத்தை நிரப்ப நான்கு மாதங்கள் பிடித்தன. கையெழுத்திட வேண்டியிருந்த மேலதிகாரியான அன்றைய ஃபிளைட் கமாண்டர் ஓய்வு பெற்று டேராடூனில் இருந்தார். ரயிலேறிப் போய் அவரைப் பார்த்தேன். தம்முடைய பதிவேட்டை எடுத்து வைத்து, நாங்கள் இருவரும் சேர்ந்து பறந்த வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர் கடிதம் எழுதினார். அந்தக் கண்டிப்பை இன்றும் மதிக்கிறேன். மீதியை பறப்பதற்கான அனுமதியைக் குறித்துவைக்கும் ஸ்குவாட்ரனின் பழைய புத்தகங்களிலிருந்து எடுத்துச் சான்று வாங்கினேன். பணியில் இருப்பவர்கள் மாதக் கடைசியில் கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எழுத்துத் தேர்வுகள் பெரிய சிரமம் தரவில்லை. வான்வழி கணிப்பு (நேவிகேஷன்), வானிலை, விதிகள், ரேடியோ சாதனங்கள் எல்லாம் உட்கார்ந்து படித்தால் வருபவை. எழுபது விழுக்காடு எடுத்தால் போதும். பெங்களூர் மருத்துவப் பரிசோதனையில் எடையைக் குறைத்து வரச் சொன்னார்கள். ஆறு வாரம் அதற்குப் போயிற்று. ரேடியோ பேச்சுத் தேர்வில்தான் முதல் முறை தோற்றேன். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் உத்தரவை ஓடுதளம், திசை, உயரம், காற்றழுத்த அளவு என முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டிய இடத்தில், படைப் பழக்கத்தில் “ரோஜர்” (கேட்டுக்கொண்டேன்) என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு மாலையும், ஒன்பதாம் வகுப்புப் படித்த என் மகள் தோப்பு வரப்பில் உட்கார்ந்து கட்டுப்பாட்டு அதிகாரியாக உத்தரவுகளைப் படிக்க, நான் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லிப் பழகினேன். நான் ஒரு சொல்லை விழுங்கினாலும் அவள் விடமாட்டாள்.

ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி, பெறும் செலவுக்கு, ஓய்வூதியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துப் பெற்ற தொகையில் பெரும்பகுதி போயிற்று. தரையிலேயே பறக்கப் பழக்கும் சிமுலேட்டரில் முதல் நாள் நான் பட்ட பாடு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஏஎன்-32-இல் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் மாறினால், விமானத்தின் மூக்கு ஏறாமல் இறங்காமல் சமன்செய்யும் ட்ரிம் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். ஏ320-இல் பக்கவாட்டிலுள்ள சிறிய ஸ்டிக்கால் சாய்த்துவிட்டுக் கையெடுத்தால், விமானம் அந்தச் சாய்விலேயே நிற்கும். ட்ரிம்மும் தானாகவே நடக்கும். 21 வருடப் பழக்கத்தில் என் கை அதை விட மறுத்து, திருப்பம் நேராகும் வரை இறுக்கிப் பிடித்திருந்தது. பயிற்சியாளர் திருச்சூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். என் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, “சாரே, கையை எடுங்க. அவன் தனியே நின்னோளும்” என்றார். எடுத்தேன். நின்றது.

அதைவிடக் கடினமாக இருந்தது அந்த அமைதி. ஏஎன்-32-இல் திசையைச் சொல்ல நேவிகேட்டரும், இன்ஜின் அளவுகளைப் படிக்க ஃபிளைட் இன்ஜினீயரும் கூடவே இருப்பார்கள். இங்கே இரண்டே பேர். மற்றவற்றைத் திரை காட்டும். இறங்கும்போது ஒரு குரலுக்காகக் காத்திருந்து, அப்படி யாரும் இல்லை என்று உணர்வதற்குள் உயரம் குறைந்துவிடும். இரண்டு முறை அப்படி ஆயிற்று. மூன்றாம் அமர்விலிருந்து, நேவிகேட்டர் சொல்லவேண்டியதை நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்; பிறகு அது சரியாயிற்று.

விங் கமாண்டராக வெளிவந்த நான், 2006-இல் முப்பத்தொரு வயது கேப்டனுக்கு வலப்பக்கம் துணை விமானியாக உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போன அந்தப் பயணத்தில், கணவாய்க் காற்று விமானத்தை உலுக்கியபோது இறக்கும் பொறுப்பை அவர் என்னிடம் கொடுத்தார். அந்தக் காற்று எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அன்றிரவு நான்காவது பதிவேட்டின் முதல் வரியில், நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் எழுதி, தலைமை விமானியின் இடத்தில் அவர் பெயரையும் துணை விமானியின் இடத்தில் என் பெயரையும் எழுதினேன். அந்த மாதம் முடிந்த அன்றே கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.