ஜெர்மானியத் தாராளவாதக் கட்சிகள்: தேர்வுக்கு நான் படித்த முறை

முதுகலை அரசியல் அறிவியலில் ஒப்பீட்டு அரசியல் தாளுக்குப் படிப்பவர்கள், ஜெர்மனியின் தாராளவாதக் கட்சிகளைத் தொடக்க ஆண்டு, தலைவர், கொள்கை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது வழக்கம். குறுவினாவுக்கு அது போதும். காரணம் கேட்கும் நெடுவினாவில் கைகொடுக்காது. ஆகவே, அக்கட்சிகள் பிளவுபட்ட ஆண்டுகளையும் அணி மாறிய ஆண்டுகளையும் முதன்மையாக வைத்துப் படித்தேன்.

முதல் பிளவுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 1861இல் தோன்றிய ஜெர்மன் முற்போக்குக் கட்சி, ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் சட்டமன்ற ஒப்புதலின்றி வரவுசெலவை நடத்திவந்த பிரதமர் பிஸ்மார்க்கைக் கடுமையாக எதிர்த்தது. 1866இல் ஆஸ்திரியாவை வென்ற கையோடு, அதுவரை செய்த செலவுகளுக்கெல்லாம் அவர் ஒப்புதல் கேட்டபோது, சட்டமன்ற உரிமை பெரிதா, தேச ஒருமைப்பாடு பெரிதா என்ற கேள்வியில் கட்சி பிளந்து, மறு ஆண்டே தேசியத் தாராளவாதக் கட்சி உருவானது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வைமார் குடியரசிலும் இடப்பக்கம் ஜெர்மன் ஜனநாயகக் கட்சி, வலப்பக்கம் ஸ்ட்ரேசமனின் ஜெர்மன் மக்கள் கட்சி என இந்தக் கோடு நீடித்தது. 1948 டிசம்பரில் ஹெப்பன்ஹைமில் கூடிச் சுதந்திர ஜனநாயகக் கட்சியை அமைத்தவர்கள் இரு மரபினரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தார்கள். அம்மாநாட்டின் சிறப்பே அதுதான்.

அடுத்தவை அணி மாறிய ஆண்டுகள்: 1969, 1982. வெறும் 5.8 விழுக்காடு வாக்குடன் அக்கட்சி 1969இல் சமூக ஜனநாயகக் கட்சியின் வில்லி பிரான்ட்டை ஆட்சியில் அமர்த்தியது. 1982இல் பொருளாதாரக் கொள்கையில் முரண்பட்டுச் சமூக ஜனநாயகக் கட்சியை விட்டு விலகி, ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் (பதவியிலிருப்பவரை நீக்கும்போதே அடுத்தவரையும் தேர்ந்தெடுக்கும் தீர்மானம்) வழியே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஹெல்முட் கோலைப் பிரதமராக்கியது. இவ்வளவு சிறிய கட்சிக்கு இந்தப் பலம் எப்படி வந்தது என்பதற்கு விடை வாக்குச்சீட்டில் இருக்கிறது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். முதலாவது தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு. பெரிய கட்சியின் ஆதரவாளர்கள் பலர், கூட்டாளிக் கட்சி நாடாளுமன்றத்தில் இடம்பெறத் தேவையான 5 விழுக்காட்டு வரம்பைத் தாண்டட்டும் என்று இரண்டாவது வாக்கை அதற்குப் போட்டார்கள். விடைத்தாளில் இந்த இணைப்பைப் பலர் எழுதுவதில்லை.

சுதந்திர ஜனநாயகக் கட்சி 2013இல் 4.8, 2025இல் 4.3 விழுக்காடு என்று வரம்புக்குக் கீழே விழுந்ததை இரண்டு வரிகளில் முடித்துவிடலாம். செல்வாக்குச் சரிவு பற்றி வினா வந்தால், 1983இல் பசுமைக் கட்சி நாடாளுமன்றத்தில் நுழைந்ததிலிருந்து தொடங்குங்கள். எவர் ஆட்சியமைத்தாலும் தாராளவாதிகளைத் தவிர வேறு சிறு கூட்டாளி கிடையாது என்ற நிலை அப்போதுதான் மாறத் தொடங்கியது.