அம்பாசடரின் பெட்ரோல் முள்

கானாடுகாத்தான் வீட்டில் நிற்கும் அப்பச்சியின் அம்பாசடரை யாராவது பழைய இரும்பு விலைக்குக் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் ஊருக்கு வருகிறோம். மற்ற நாளெல்லாம் வண்டி அரைகுறை டேங்கோடு நிற்கிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. டேங்கின் காலியிடத்தில் உள்ள காற்று இரவுக் குளிரில் வேர்த்து, தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈரத்தை இழுக்கும்.

பெட்ரோல் அளவைக் காட்டும் முள் எழவில்லை என்றதும் மீட்டரை மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் டேங்கை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்து இறுக்குங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். அப்புறம், டேங்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்கி முள்ளை நகர்த்தும் மிதவை. காரைக்குடி மெக்கானிக் அண்ணன் எங்கள் வண்டியின் மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கிக் காட்டினார். உள்ளே பெட்ரோல் சளசளத்தது. மிதவையே மூழ்கிக் கிடந்தால் முள் எப்படி எழும்?

டேங்கில் ஓட்டை என்றால் அப்படியே வெல்டிங் வைக்க மட்டும் விடாதீர்கள். காலி டேங்கில் தங்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும்.

2014-ல் அம்பாசடர் தயாரிப்பு நின்றுபோனது. தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் யாரிடமாவது நல்ல மிதவை இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.