நல்லாப் பிடிச்சுக்கிட்டான்

பக்கவாதம் வந்து படுத்தவரைப் புரட்டிப் படுக்க வைக்க, வீட்டில் யாராவது ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதுதான் என் வேலையில் பாதி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டார இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். இத்தனை வீடு ஏறி இறங்கியதில், கற்றுக்கொள்ள முன்னால் வருவது பல வீடுகளில் சின்னப் பிள்ளைகள்தான்.

அந்த வீட்டில் எட்டாம் வகுப்புப் பையன். அம்மாவுக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வேட்டியை நான்காக மடித்து முதுகுக்கு அடியில் விட்டு, அதைப் பிடித்துப் புரட்ட வேண்டும், முழங்காலை மடக்கு, இடுப்பை வளைக்காதே என்று காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். "சூப்பர்டா தம்பி, நர்ஸ் மாதிரி செய்யுற!" என்று தட்டிக்கொடுத்தேன். பதிவேட்டில் 'பராமரிப்பாளருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது முறை போனபோது கட்டில் காலில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கணக்கு நோட்டு. கடைசிப் பக்கத்தில் அழகாகக் கோடு போட்டு, 'இரவு 10 இடது, 12 மல்லாக்க, 2 வலது, 4 இடது'. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சொன்னது நான்தானே. ராத்திரி யார் எழுந்திருப்பார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அம்மா முதுகில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதுதான் உறுத்தியது.

அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். "பையன் பார்த்துக்கிறான் மேடம், அவனுக்குத்தான் கரெக்டா வரும்" என்றார். அவனுக்கு அப்படி வரும்படி செய்ததே நான். பிள்ளை எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்கிறதோ, அந்த அளவுக்குப் பெரியவர்கள் கையைக் கழுவிக்கொள்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அப்பாவை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தேன். அவர் அம்மாவின் விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்க, "அப்பா, தோள்பட்டை நழுவிடும்!" என்று பையன் கத்தினான். இரவுக்கு ஏர் பெட் ஒன்று கேட்டு வாங்கினோம். புரட்டும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்ட முடிந்தது. துணி மாற்றுகிற வேலையைப் பக்கத்து வீட்டு அத்தை எடுத்துக்கொண்டார். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுப் போட்டோம், அது தனிக் கதை.

பள்ளிக்கூடத்தில் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. "சார்கிட்ட சொல்லாதீங்க மேடம், வயித்துவலின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றான். சரி, எதைச் சொல்லலாம் என்று அவனையே கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, முதல் பீரியடுக்கு லேட் ஆகும், அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்றான். துணி மாற்றுவது பற்றி மூச்சு விடக்கூடாது. அவன் சொன்னதை மட்டும் வகுப்பாசிரியரிடம் சொன்னேன். அவரும் மேற்கொண்டு துருவவில்லை.

போன மாதம் சாயங்காலம் போனேன். அப்பாதான் இருந்தார், பையன் கபடி ஆடப் போயிருந்தான். அம்மாவை அப்பாவே புரட்டியிருந்தார், கொஞ்சம் கோணலாக. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை இல்லை, குதிகால் மெத்தையில் அழுந்திக் கிடந்தது. நானே எடுத்து வைத்துவிட்டு, அவரை ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன்.