மகளை ஆய்வில் சேர்க்கப் போன கதை

முதலில் கண்டுபிடித்தது டொக்டர் இல்லை, நான் தைத்த சட்டைதான். விசுவமடுவில் வீட்டில் இருந்தே தைக்கிறேன், பள்ளிக்கூடச் சட்டைதான் கூட வரும். மகளுக்குப் பன்னிரண்டு நடக்கும்போது அவளுடைய வெள்ளைச் சட்டையின் கீழ் மடிப்பு இடப்பக்கம் அரை அங்குலம் இறங்கி நின்றது. வெட்டினதில் பிழை விட்டுவிட்டேன் என்று பிரித்துத் தைத்தேன், திரும்பவும் இறங்கியது. மூன்றாம் தரம் சட்டையை மேசையில் விரித்து நாடாவால் அளந்தால் இரண்டு பக்கமும் சரி. அப்போதுதான் பிள்ளையைத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன், வலப்பக்கத் தோள்பட்டை எலும்பு தனியாகப் பிதுங்கி நின்றது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளைக் கையிரண்டையும் சேர்த்துக் குனியச் சொன்னார், பின்னால் நின்று முதுகைப் பார்த்தார், எக்ஸ்ரேக்கு எழுதினார். எக்ஸ்ரே அறையில் கேட்ட முதல் கேள்வி, "உடம்பில செல் துண்டு ஏதும் இருக்கோ?" பிள்ளை பிறந்தது சண்டை முடிந்து மூன்று வருசத்துக்குப் பிறகு. எனக்குத்தான் தொடையில் ஒன்று கிடக்கிறது. இங்கே அந்தக் கேள்வி யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

முள்ளந்தண்டு 28 பாகை வளைந்திருந்தது. 10 பாகைக்கு மேல் போனால்தான் அதை ஸ்கொலியோசிஸ் என்பார்களாம். வளருகிற பிள்ளைக்கு 25க்கு மேலே என்றால் பெரும்பாலும் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் போடுகிற பிளாஸ்டிக் கூடு, 50ஐத் தொட்டால் ஒபரேஷன் கதை வரும். காரணம் என்ன என்று கேட்டேன். இந்த வயதில் வருகிற பெரும்பாலான வளைவுகளுக்குக் காரணம் தெரியாது என்றார். பக்கத்து வீட்டு மாமிக்கு மட்டும் தெரிந்திருந்தது, புத்தகப் பையும் தண்ணிக் குடமும்தானாம். டொக்டர் இரண்டும் இல்லை என்று சொல்லியும் அன்றிலிருந்து நான் அவளைக் குடம் தூக்க விடவில்லை, அது வேறு கதை.

லண்டனில் இருக்கிற மச்சாள் போனில், "இஞ்ச பிரேசுக்கு ஒரு ஆராய்ச்சி நடக்குது, பிள்ளையைச் சேர்க்கப் பாருங்கோ" என்றா. ஆராய்ச்சி என்றால் பெரிய டொக்டர்மார், புது வைத்தியம், காசும் இல்லை என்று நானாகவே ஒரு கோட்டை கட்டிவிட்டேன். வவுனியாவில் வேலை செய்கிற தம்பி சனி ஞாயிறுகளில் வந்து கொம்பியூட்டரில் தேடினான். மருத்துவ ஆய்வுகளைப் பதிந்து வைக்க இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய பதிவேடு ஒன்று இருக்கிறது, இந்தியாவினது 2007இல் வந்தது, அமெரிக்காவினது இன்னும் பழையது. மூன்றிலும் நோயின் பெயரைப் போட்டுத் தேடலாம். நாங்கள் முதல் கிழமை முழுக்க வீணாக்கியது எதில் என்றால், ஆட்களைச் சேர்த்து முடித்த ஆய்வுகளுக்கெல்லாம் மெயில் அனுப்பியதில். ஒவ்வொரு பதிவிலும் இப்போது ஆட்களைச் சேர்க்கிறார்களா, முடிந்துவிட்டதா என்று எழுதியிருக்கும், அதை முதலில் பாருங்கள். எங்களுக்கு எட்டிய தூரத்தில் பொருந்துகிற ஒன்றும் அகப்படவில்லை.

மச்சாள் சொன்ன பிரிட்டன் ஆய்வு, நாள் முழுக்கப் போடும் பிரேஸையும் இரவில் மட்டும் போடும் பிரேஸையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. விசாரித்து எழுதினோம். அந்த ஆய்வில் சேர்ந்திருக்கிற அங்கத்தைய ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்க்கிற பிள்ளைகளைத்தான் எடுக்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

தம்பி விடவில்லை. பழைய ஆய்வு ஒன்றை எடுத்து வந்து வரிவரியாகத் தமிழில் சொன்னான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 இடங்களில் நடந்தது, பெயர் பிரைஸ்ட், முடிவு வந்தது 2013இல். 10 முதல் 15 வயது, வளைவு 20 முதல் 40 பாகை, இடுப்பெலும்பில் வளர்ச்சியைக் காட்டும் ரிசர் அளவு 0, 1, அல்லது 2. அடுத்த வரிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இதை நீயே வாசி" என்று கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினான். பெண் பிள்ளை என்றால் பெரிய பிள்ளையாகி ஒரு வருசத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது என்று இருந்தது. வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று அறியத்தான் அது. பிறகு கிளினிக்கில் அதே கேள்வியை எங்களிடமும் கேட்டார்கள், நான் திகதியோடு சொன்னேன். சாமத்திய வீட்டு அல்பத்தின் முதல் பக்கத்தில் பொன்னெழுத்தில் அடித்தே இருக்கிறது.

அதை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது, ஆய்வு என்பது வைத்தியத்துக்கு நிற்கிற கியூ இல்லை. பிரேஸ் போடுகிற பிள்ளை யார், போடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளை யார் என்று கொம்பியூட்டர் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்துவிடும். தாய் அழுதாலும் மாற்றமாட்டார்கள், மாற்றினால் அது ஆய்வே இல்லை. அங்கேயும் நிறையக் குடும்பங்கள் அதற்கு ஓம்படவில்லை. கடைசியில் 116 பிள்ளைகள் குலுக்கலுக்குச் சம்மதிக்க, 126 பேரைத் தாங்களே தெரிவுசெய்ய விட்டார்கள். தாய் தகப்பன் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையும் ஓம் என்று சொல்லவேண்டும், நடுவில் விலகினால் வழமையான வைத்தியத்தை நிறுத்தக்கூடாது. மகளிடம் கேட்டேன், குலுக்கலில் பிரேஸ் இல்லை என்று வந்திருந்தால் சம்மதிப்பாயா என்று. "சந்தோசமாச் சம்மதிப்பன்" என்றாள், அவளுக்கு அந்த வெயிலில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கிற கவலை.

இதற்கிடையில் ஒரு ஆளிடமிருந்து போன் வந்தது. முதுகை நிமிர்த்துகிற "ஆராய்ச்சி" செய்கிறார்களாம், அறுபதாயிரம் கட்டினால் பிள்ளையைச் சேர்க்கலாமாம். முன்னென்றால் நகையை வைத்தாவது கட்டியிருப்பேன். எந்தப் பதிவேட்டில் பதிந்தது, இலக்கம் என்ன, எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதி தந்தது என்று மூன்று கேள்விதான் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

பிரேஸ் கொழும்பில் மாவுக்கட்டு வைத்து அளவெடுத்துச் செய்தது. போய் வந்த பஸ் அலைச்சலை எழுதினால் இன்னொரு பதிவு வரும். வந்த முதல் கிழமையே இடுப்பில் தோல் சிவந்து புண்ணாகப் பார்த்தது. உள்ளே போடுகிற பனியனின் தையல்தான் குத்துகிறது என்று கண்டேன். மெல்லிய பருத்தித் துணியில், உடம்போடு ஒட்டி, மூட்டுத் தையல் எல்லாம் வெளிப்பக்கம் வர ஆறு பனியன் தைத்தேன், பக்கத்துத் தையலை பிரேஸ் அமத்தாத இடத்துக்குத் தள்ளி வைத்தேன். வேர்த்தால் உடனே மாற்றவேண்டும், பவுடர் போடவேண்டாம் என்று சொன்னார்கள். எங்கள் சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று பனியன் போகும்.

மகள் என்னோடு சண்டை பிடித்ததும் அதே ஆய்வை வைத்துத்தான். பிரேஸ் போட்டவர்களில் 72 வீதமானவர்களுக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையைத் தொடவில்லை, போடாதவர்களில் 48 வீதம். "பாதிப் பேர் போடாமலே தப்பியிருக்கினம் அம்மா, நான் அந்தப் பாதியாய் இருந்தால்?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. கிளினிக்கில் அவளே டொக்டரிடம் கேட்டாள். அவர் சிரிக்காமல், "எந்தப் பாதி எண்டு எனக்கு முன்கூட்டியே சொல்லத் தெரிஞ்சால் உமக்கு இதைத் தந்திருக்க மாட்டன்" என்றார். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.

அந்த ஆய்வில் பிரேஸுக்குள் சூட்டை அளக்கிற சின்னக் கருவி வைத்திருந்தார்களாம், பிள்ளை சொல்லுகிற கணக்கை நம்பாமல். 18 மணித்தியாலம் போடச் சொன்னாலும் எல்லாரும் அவ்வளவு போடவில்லை. சராசரியாக 12.9 மணித்தியாலத்துக்கு மேல் போட்டவர்களில் 90 முதல் 93 வீதம் பேருக்குச் சரி வந்திருக்கிறது. எங்களிடம் கருவி இல்லை, ஒரு சி.ஆர். கொப்பிதான். போட்ட நேரம், கழற்றிய நேரம், கூட்டுத்தொகை, எல்லாம் அவளே எழுதுகிறாள். கொஞ்சம் கூட்டி எழுதுகிறாளோ என்று பனியன் எத்தனை ஊறிக்கிடக்கிறது என்று பார்ப்பேன், அதுதான் என் கருவி.

ஆறு மாதத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் 31 என்று வந்தது. வரும்போது வழியில் ஒரு கோயிலடியில் பஸ் நின்றது, கற்பூரம் கொளுத்த இறங்கினவள் அங்கேயே குந்திவிட்டேன். பிறகுதான் போனில் கேட்டேன், அளக்கிறபோதே 5 பாகை முன்னே பின்னே வருமாம், 3 கூடினதை வைத்து வளைவு கூடிவிட்டது என்று முடிவு கட்டமாட்டார்களாம். அதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாம்.

போன கிளினிக்கில் டொக்டர் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 15, 16, 14 என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு திங்கட்கிழமைக்கு நேரே 0 என்று இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், "வற்றாப்பளைப் பொங்கல்." அவர் என்னைப் பார்த்தார், நான் மகளைப் பார்த்தேன், அவள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.