பாதை தாங்க வேண்டும்

ஜூன் 8
விடிய விடிய மழை. நாளைய காட்டுப்பாதைப் பயணத்தைத் தள்ளிவைத்தோம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் இருக்கும்போது என்ன தயக்கம் என்று நண்பர் கேட்டார். வண்டி போய்விடும், பாதைதான் தாங்காது. ஊறிய மண்ணில் டயர் பதித்த பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகி மேல்மண்ணை அரித்துவிடும்.

ஜூன் 14
பாதை நன்றாகக் காய்ந்திருந்தது. முன்னால் நண்பருடைய டூ வீல் டிரைவ் பிக்கப், பின்னால் என் ஃபோர் வீல். அவருடையது பின்சக்கர இழுவை. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி காலியாக இருந்தால் பின் டயரில் பாரம் இல்லாமல் சரளையில் வீணாகச் சுழலும். அதனால் கனமான சாமான்களைப் பின் ஆக்ஸிலுக்கு மேலே வைத்துக் கட்டினோம். இரண்டு வண்டியிலும் டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 25க்கு இறக்கினோம். தரையில் படும் பரப்பு நீளும், மண் கிளறுவதும் குறையும். திரும்ப நிரப்ப கம்ப்ரஸர் கையில் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

மேட்டில் அவருடைய பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பிச் சுழன்றது. இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்புதான் டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒன்று அந்தரத்தில் சுழன்றால் தரையில் இருப்பதற்கும் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் இல்லாத ஃபோர் வீலும் முன்னால் ஒன்று, எதிர்மூலையில் பின்னால் ஒன்று தூக்கிவிட்டால் அப்படியே நின்றுவிடும். நண்பர் ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிக்கவில்லை. காலை எடுத்தார், ரிவர்ஸில் இறங்கினார், மேடு குறைந்த பக்கமாகத் தடம் பார்த்து நிதானமாக ஏறினார். மண்ணில் ஒரு குழிகூட விழவில்லை. நல்ல ஓட்டுநர் என்று நான் சொல்வது இவரைப் போன்றவர்களைத்தான்.

ஜூன் 15
செங்குத்து இறக்கத்தில் ஃபோர் லோ (நான்கு சக்கரத்துக்கும் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் நிலை), முதல் கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பிரேக் அடிக்கும்போது ஃபோர் வீலுக்குத் தனிச்சலுகை கிடையாது, எல்லா வண்டியும் நான்கு சக்கரத்தில்தான் நிற்கிறது.

வழியில் சேற்றுக்குட்டை. பலர் சுற்றிப் போய்ப் பாதையை இருமடங்கு அகலமாக்கி, ஓரத்துச் செடிகளைக் கொன்றிருந்தார்கள். கோலால் ஆழம் பார்த்தோம், அதிகமில்லை. நடுவிலேயே மெதுவாகக் கடந்தோம். சேற்றில் இறங்கும் முன்பே ஃபோர் வீலைப் போட்டேன். சிக்கிய பிறகு போட்டால், அதற்குள் சக்கரம் குழி தோண்டியிருக்கும்.

அடுத்த ஓடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இருவருமே திரும்பிவிட்டோம். சேர்ந்து போகும்போது எல்லையைத் தீர்மானிப்பது டூ வீல் வண்டிதான்.

ஜூன் 16
தார்ச்சாலை வருவதற்கு முன் டயரில் காற்றை நிரப்பி, டூ வீலுக்கு மாற்றினேன். என் வண்டியில் முன், பின் ஆக்ஸில்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் இல்லை. காய்ந்த தாரில் ஃபோர் வீலிலேயே திரும்பினால் கியர்கள் முறுக்கிக்கொண்டு இறுகும். நண்பருக்கு, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்ட இழுவைக் கொக்கி வாங்கித் தர வேண்டும். சிக்கிய வண்டியை இழுக்க டிரெய்லர் மாட்டும் குண்டில் கயிறு போட்டால், அது உடைந்து பறந்து ஆளையே கொல்லும்.